ரெக்லிஸ் சாப்பிட மறுத்தபோது

எங்கள் வீட்டுக்குப் பாம்பு வந்தது அக்காவின் குளிர்ச்சட்டைக்குள் ஒளிந்துதான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் அக்காவோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி, வேறு ஊருக்குப் போகும்போது தன் செல்லப்பாம்பை அவளிடம் கொடுத்துவிட்டாள். அக்கா அதைத் துணிப்பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்து, நாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸ் வரைக்கும் பேருந்தில் கொண்டுவந்தாள். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்திருந்தால் பேருந்து பாதி வழியிலேயே காலியாகியிருக்கும்.

பைக்குள் எட்டிப் பார்த்த அம்மா, "மாதாவே!" என்று கதிரையில் ஏறி நின்றார்.

அது பயந்தால் பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் சின்ன மலைப்பாம்பு. பெயர் ரெக்லிஸ். பிரெஞ்சில் அது ஏதோ கறுப்பு இனிப்பின் பெயராம். அம்மாவுக்கு அது கடைசிவரை "உது"தான். அக்காவின் அழுகைக்கும் அப்பாவின் சமரசத்துக்கும் பிறகு, வீட்டுக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்டை விட்டு உது மேலே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா மாதா கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் செய்தியைச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீடு காட்சிச்சாலையாகிவிட்டது. பெரியவர்கள் அம்மா பொரித்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நிற்பார்கள். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுவார்கள். சித்தப்பா அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுப் படம் எடுத்தார். ஆட்கள் இல்லாத நேரங்களில் தொட்டிக்குப் பக்கத்திலேயே அப்பா தொலைக்காட்சியில் ஐஸ் ஹொக்கி பார்த்தார். எங்கள் அணி கோல் போட்டால் அவர் போடும் சத்தத்தில் தொட்டித் தண்ணீர்க் கிண்ணமே நடுங்கும்.

ரெக்லிஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

கடையில் வாங்கிய உறைந்த எலியை அக்கா சுடுதண்ணீரில் இளக்கினாள். அம்மாவின் தலை காயவைக்கும் கருவியால் சூடாக்கினாள். இடுக்கியில் பிடித்து, உயிருள்ளதுபோல் மூக்குக்கு முன்னால் ஆட்டினாள். அது தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. நாளாக ஆக அதன் முதுகெலும்பு மேடாகத் தெரியத் தொடங்கியது. மிருக வைத்தியர், நோய் ஒன்றுமில்லை, மனஅழுத்தம் என்றார்.

"பாம்புக்கு என்ன மனஅழுத்தம்? வேலையோ, வீட்டுக்கடனோ?" என்றார் அப்பா. அக்கா சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, "அது சாகப்போகுது" என்று அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் ஆட்கள் வந்தார்கள். பேஸ்மென்ட் கதவை மறித்துக்கொண்டு அம்மா நின்றார்.

"உதுக்குச் சுகமில்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அவர்கள் போனதும், தொட்டி இருந்த அறைக்குள் முதல்முறையாக அம்மா போனார். அப்பா இடுப்பில் கட்டும் பழைய சாரத்தால் கண்ணாடியின் மூன்று பக்கமும் மூடினார். விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றை அக்காவிடம் நீட்டி, "இதை உள்ளுக்குக் கவிட்டு வை. அது ஒளிச்சு இருக்கட்டும். கையை எடுத்த உடனை தொட்டி மூடியைப் போடு!" என்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் சட்டம் போட்டார்.

"சாப்பாட்டை வச்சிட்டு வாறது. நிண்டு பாக்கிறேல்லை. அது தின்னும்வரைக்கும் ஒருத்தரும் கீழை போகக்கூடாது."

"ஹொக்கி?" என்றார் அப்பா.

"போனிலை பாருங்கோ. சத்தம் போடாமல்."

அந்தக் கிழமை முழுக்க அப்பா சாப்பாட்டு மேசையில் கைபேசியை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்துவைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கோல்களைக் கொண்டாடினார். நான் படிக்கட்டின் உச்சியில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். முதலில் வைத்த எலி அப்படியே கிடந்தது. இரண்டாவது எலி வைத்த மறுநாள் காலை, அக்கா கீழேயிருந்து பாய்ந்து வந்தாள். "சாப்பிட்டிட்டுது! அம்மா, சாப்பிட்டிட்டுது!"

"மெதுவாக் கத்து," என்றார் அம்மா. அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது.

அன்று பின்னேரம் பெரியம்மா வந்தபோது அக்கா கதை முழுவதையும் சொன்னாள். பெரியம்மா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நீயும் கலியாணம் கட்டி ஊரிலையிருந்து இஞ்சை வந்த புதுசிலை இப்பிடித்தானே? ஒவ்வொரு நாளும் ஆக்கள் புதுப்பொம்பிளை பாக்க வர, ஒரு வாய் திண்டியே?"

"நீங்கள்தானேயக்கா எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தது!"

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். எனக்குப் பெரியம்மாமேல் கோபம் கோபமாக வந்தது, அம்மாவைப் போய்ப் பாம்போடு சேர்த்துப் பேசிவிட்டாரே என்று. அதோடு அது நம்பும்படியாகவும் இல்லை. விருந்தினர் வந்தால் வீடு முழுக்கக் கேட்கும்படி பேசுகிறவர் என் அம்மா. அவரைப் பார்க்க ஆட்கள் வந்தால் அவர் ஏன் சாப்பிடாமல் இருக்கவேண்டும்?