அக்கா வெளியே இருந்த நேரம்

ஹார்ட்வெயார் கடையொன்றின் பின்பக்க ஸ்டோரில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். கண்டி டவுனில் பழைய கடை. ஆட்கள் முன்னால் வந்து கேட்பார்கள், கவுண்டரில் நிற்பவர் உள்ளே குரல் கொடுப்பார், நான் எடுத்து நீட்டுவேன். வாடிக்கையாளர்களுக்கு என் கையைத் தெரியும், முகத்தைத் தெரியாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

கவுண்டரில் நின்றவர் கட்டாருக்கு வேலைக்குப் போனதும், முதலாளி என்னை முன்னால் வரச் சொன்னார். என் இடத்துக்குத் தன் மருமகனைப் போட்டார். முதல் நாள் காலையில், கொத்து வேலை செய்கிற ஒரு மேசன் பாஸ் வந்து குழாய் மூட்டு ஒன்று கேட்டார். எந்த ராக்கையில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியும். "இருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன், தொண்டை மூடிக்கொண்டது. நெஞ்சு அடித்த அடியில் கண் இருண்டது. பின்னால் போய் சீமெந்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே.

முதலாளி அக்குறணைப் பக்கத்து முஸ்லிம், கோபப்படாத மனிதர். ஆனாலும் கணக்காகச் சொன்னார்: "நோம்புப் பெருநாள் முடியும் மட்டும் நான் சமாளிக்கிறேன். அதுக்குப் பொறகும் ஒனக்கு முன்னுக்கு நிக்க ஏலாட்டி, நான் வேற ஆள் பாக்கத்தான் வேணும். மனசுல வெச்சிக்காத."

டிஸ்பென்சரி டொக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். மனக் கஷ்டங்களைக் கேட்டு வழி சொல்கிற உளவளத் துணையாளர் ஒருவரிடம் கொஞ்ச நாள் பேசிப் பார்க்கச் சொன்னார். அதை அவர் சொன்னது என் அக்காவிடம்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாள். தமிழும் சிங்களமும் தண்ணீர் மாதிரி வரும். எங்கள் பக்கத்தில் டொக்டரிடம் போகும் வருத்தக்காரனுக்குத் துணையாக, பேசத் தெரிந்த ஒருவர் கூடப் போவது வழக்கம். எனக்கு அது எப்போதும் அக்காதான். வயிற்றில் எந்த இடத்தில் வலி என்று டொக்டர் கேட்டால், அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டதற்கும் அவள்தான் பதில் சொன்னாள். "ரொம்ப நாளா நான் உங்க அக்காவக் கட்டிக்கிட்டதாத்தான் நெனச்சேன்" என்று என் மனைவி இன்னும் சொல்வாள்.

அக்கா விசாரித்து ஒருவரைக் கண்டுபிடித்தாள். பேராதெனிய வீதியில் வீட்டோடு சேர்ந்த அறை, மரியாதையான சிங்களப் பெரியவர். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஆரம்பித்தாள். நான் பிறந்தது, அப்பா போனது, தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு டவுனுக்கு வந்தது, அவள் மெஷின் மிதித்து என்னை ஆளாக்கியது எல்லாம் வந்தன. இடையில் அழுதாள். அவர் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். முக்கால் மணித்தியாலம் முடிந்தபோது நான் சிங்களத்தில் வணக்கம் சொல்லும் "ஆயுபோவன்" மட்டும் சொல்லியிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அக்கா முகம் கழுவிய மாதிரி இருந்தாள். "நல்ல மனுஷன்டா தம்பி. மனசு லேசாயிருச்சு" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே லேசாகியிருந்தது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஒரு அலுமாரி வாங்க மூணு கடை ஏறி எறங்குனோம். கதவு சரியா மூடுதான்னு எத்தன தடவ பாத்தீங்க? இதுக்கு மட்டும் ஒண்ணுமே கேக்காமப் போய் உக்காந்துட்டீங்களே."

அன்றிரவு அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்க என்ன இருக்கிறது என்று யோசித்தால், நிறைய இருந்தது. தமிழில் பேசலாமா? என் தோட்டத்துத் தமிழ் அவர்களுக்கு விளங்குமா? சொல்வது வெளியே போகுமா? இது கண்டி, யாருக்கும் யாராவது சொந்தம். மாத்திரை தருவார்களா? எத்தனை தடவை போக வேண்டும்? ஒவ்வொரு தடவையும் கட்டும் காசு என் சம்பளத்துக்குத் தாங்குமா? பிடிக்காவிட்டால் நடுவில் நிறுத்தலாமா, கோபிப்பார்களா?

டொக்டரிடமே இன்னொரு துணையாளரின் நம்பர் வாங்கினேன். கோல் எடுக்கத் துணிவில்லை. கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேள்விகளை எல்லாம் வட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினேன். அனுப்பிய பிறகு அழிக்கலாமா என்றிருந்தது. அதற்குள் பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து நேரிலேயே கேட்கலாம், அந்தச் சந்திப்புக்குக் காசு இல்லை என்று.

ஞாயிறு காலை நான் சட்டை அயன் பண்ணுவதை, ஆப்பம் கொண்டுவந்த அக்கா பார்த்துவிட்டாள். எங்கே என்று கேட்டாள். எனக்குப் பொய் வராது. அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

துணையாளர் என் வயதுப் பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. எந்தப் படிப்புப் படித்தவர், எத்தனை காலமாக இந்த வேலை என்பதைக் கேட்காமலே சொன்னார். அக்கா உடனே தொடங்கினாள். எத்தனை தடவையில் சுகமாகும் என்று கேட்டாள். அதை இப்போதே சொல்ல முடியாது, நாலு தடவை முடிந்ததும் பிரயோசனம் இருக்கிறதா என்று அவரும் நானும் சேர்ந்து பார்க்கலாம் என்றார். ஃபேன் வாங்கினால்கூட ஒரு வருஷம் கேரண்டி தருகிறார்கள் என்றாள் அக்கா. அவர் சிரித்துவிட்டார். பிறகு தான் உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அக்கா இருக்கிறதோ, வெளியில இருக்கிறதோ, அது உங்கட விருப்பம். நீங்கள்தான் சொல்ல வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னையே பார்த்தாள். ஸ்டோரில் சீமெந்து மூட்டை தூக்கியபோதுகூட என் முதுகு அப்படி வியர்த்ததில்லை. எனக்காகத் தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இரவும் பகலும் தைத்தவளிடம் என்ன என்று சொல்வது? தொண்டை மூடப் பார்த்தது. மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நீ கொஞ்சம் வெளிய இரு."

அவள் ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

மெசேஜில் கேட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக வாயால் கேட்டேன். என் தமிழ் விளங்காத இடத்தில் திருப்பிக் கேட்பாராம், நானும் அவரை அப்படிக் கேட்க வேண்டுமாம். மாத்திரை அவர் தருவதில்லை, தேவை என்றால் டொக்டரிடம் அனுப்புவார். நான் சொல்வது அக்காவுக்கும் போகாது. என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டி வரும் என்றார். அதை ஒளிக்காமல் முதலிலேயே சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன். காசு தாங்காது, வாராவாரம் வர முடியாது என்றதற்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரலாம் என்றார். மெசேஜில் எழுதாத ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"நான் வந்துட்டு ஒண்ணும் பேசாம இருந்தா?"

"இருங்கோ. நானும் இருக்கிறன். அதுக்கும் இஞ்ச இடம் இருக்கு."

வெளியே அக்கா சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து யாரோ ஒரு பெண்ணின் ரவிக்கைத் தையலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறிய பிறகுதான், "நான் ஒனக்குக் குறுக்க நிக்கிறேனாடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில வாரம் அக்காவிடமிருந்து ஆப்பம் வரவில்லை. பிறகு வந்தது.

மூன்றாவது தடவை போய்வந்த பிறகு, பெருநாள் நெருங்கும் நேரத்தில், முதலாளியிடம் நானே போய் நின்றேன். காலையில் கூட்டம் சேருமுன் ஒரு மணித்தியாலம் மட்டும் கவுண்டரில் நிற்கிறேன், அது பழகியதும் கூட்டிக்கொள்ளலாம், முடியுமா என்று கேட்டேன். இப்படித் துண்டு துண்டாகத் தொடங்கலாம் என்பது நானும் துணையாளரும் சேர்ந்து யோசித்தது. மூச்சு வாங்கியது, ஆனாலும் கேட்டு முடித்தேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "இத்தன வருஷத்துல நீ எங்கிட்ட வாய் தொறந்து ஒண்டு கேட்டது இன்டைக்குத்தான். நாளைக்கே நில்லு."

நின்றேன். எல்லாம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இப்போது நாள் முழுக்க முன்னால்தான் நிற்கிறேன், ஆனால் கூட்டம் நெருக்கும்போது தொண்டை இன்னும் இறுகும். அப்போது மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்வேன். மூன்று நான்கு சாமான் ஒரே நேரத்தில் கேட்கிற மேசன் பாஸ்மார்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள்.