இரண்டு விரல் இறங்கிய வண்டி

போன வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்த சமயம். திண்டிவனத்தில், மயிலம் போகிற பக்கம் என் ஷெட் இருக்கிறது. கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை மட்டும் செய்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் உயரமான கார் ஒன்று வந்து நின்றது. செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. ஓட்டி வந்தவர் நல்ல உடம்புக்காரர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். டிக்கியில் இருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்தேன். சிவப்புப் பெயிண்ட் அடித்த ஸ்பிரிங். நாலு சக்கரத்துக்கும் இருந்தது. வண்டியோடு வருகிற ஸ்பிரிங்கை விடக் குட்டை. வண்டியைத் தரைப் பக்கம் இறக்குவதற்கென்று தனியாக விற்கிற சாமான். ஆன்லைனில் வாங்கினாராம்.

எனக்குப் புரியவில்லை. இந்த வேலை கேட்டு வருகிறவர்கள் வேறு மாதிரி. புதுச்சேரி பக்கத்துப் பையன்கள். சைலன்சரில் சத்தம் வைத்திருப்பார்கள், கண்ணாடியில் கறுப்பு ஒட்டியிருப்பார்கள். இவர் மாதிரி நிலம் வைத்திருக்கிறவர் யாரும் வண்டியை இறக்கச் சொல்லி வந்ததில்லை. வரப்பு ஓரம் போகணும், ஏத்திக் குடு என்றுதான் வருவார்கள்.

"இது எதுக்குங்க உங்களுக்கு?" என்றேன்.

"விழுப்புரத்துல கேட்டேன். ஒருத்தனும் செய்ய மாட்டேன்றான். நீங்க செய்வீங்கன்னு சொன்னாங்க."

"செய்வேன். எதுக்குன்னு கேட்டேன்."

அவர் போய் இடது பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. அவருடைய தங்கை. முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் மினி லாரி இடித்துவிட்டதாம். திருவாமாத்தூர் பக்கம் ஊர். விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் வேலை. அண்ணன்தான் தினமும் கொண்டு போய் விட்டுக் கூட்டி வருகிறார்.

"அண்ணா, நான் சொல்றேன்," என்றது அந்தப் பெண். "டெய்லி இவன் என்னைத் தூக்கினு வந்து சீட்டுல போடறான். சாயங்காலம் தூக்கினு போய் சேர்ல போடறான். சிமெண்ட் மூட்டை மாதிரி. தெருவே நின்னு பாக்குது. சேர்ல இருந்து சீட்டுக்கு நானே ஏறிடணும். அவ்ளோதான்."

"மூட்டைன்னா பேசாம வருமே," என்றார் அண்ணன்.

"வேற சின்ன வண்டியா வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"டிக்கி பெருசு, சேரு உள்ள போவுதுன்னு இத வாங்கிட்டேங்க. சீட்டு உயரத்த யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்," என்றது தங்கை. "என்னை யாரு கேட்டா?"

ஏறிக் காட்டச் சொன்னேன். அண்ணன் சக்கர நாற்காலியை எடுத்து விரித்தார். தங்கையைத் தூக்கி அதில் வைத்தார். தூக்கும்போது அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியை கார் ஓரம் ஒட்டி நிறுத்தினார்கள். கையை ஊன்றி எம்பியது. உடம்பு எழும்பியது. சீட்டு விளிம்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மறுபடி எம்பியது. அதே இடம்.

"ரெண்டு விரல் பத்தலண்ணா," என்றது.

நானும் விரல் வைத்துப் பார்த்தேன். நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நாலு விரல் வித்தியாசம். அதில் பாதியை எம்பித் தாண்டிவிடுகிறது. மீதி ரெண்டு விரல்தான் இடைஞ்சல். ஸ்பிரிங்கை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். ரெண்டு விரல் இறங்கும் போலத்தான் இருந்தது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "ஷாக் அப்சார்பர் கம்பெனியோடது. பழைய ஸ்பிரிங்குக்குன்னு செஞ்சது. அதும் மேல குட்டை ஸ்பிரிங்கைப் போட்டா தூக்கிப் போடும். பள்ளத்துல அடி வாங்கும். ஷாக்கு சீக்கிரம் போயிடும். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

"போடுங்கண்ணா," என்றது தங்கை. அண்ணன் சாவியை என்னிடம் நீட்டினார்.

வேலையை ஆரம்பித்தேன். முன் சக்கரத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும். கழற்றி வெளியே எடுத்து, கிளாம்ப் போட்டு ஸ்பிரிங்கை நெருக்கி, மேல் நட்டைக் கழற்ற வேண்டும். கிளாம்ப் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும். அந்த நேரம் யார் பேசினாலும் பதில் சொல்ல மாட்டேன். சிவப்பு ஸ்பிரிங்கை உட்கார வைத்தேன். உள்ளே இருக்கிற ரப்பர் முட்டும் என்று கொஞ்சம் அறுத்தேன். பின் சக்கரத்தில் அவ்வளவு கஷ்டம் இல்லை. ஜாக்கியை இறக்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அளந்தேன். சரியாக ரெண்டு விரல் இறங்கியிருந்தது.

தங்கை நாற்காலியை ஒட்டி நிறுத்தி எம்பியது. இந்தத் தடவை பாதி இடுப்பு சீட்டுக்கு மேலே போனது. அப்புறம் வழுக்கிக்கொண்டு நாற்காலிக்கே வந்துவிட்டது. நாலைந்து தடவை எம்பிப் பார்த்தது.

"எறங்கிச்சு இல்ல?" என்றார் அண்ணன்.

"எறங்கிச்சு."

"அப்பறம் இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. ரெண்டு விரல் பத்தவில்லை என்றது. ரெண்டு விரல் இறக்கிவிட்டேன். கணக்கு சரி. ஏற முடியவில்லை. மறுபடி அளந்தேன். நாற்காலியையும் அளந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"வுடுங்கண்ணா. பழகிக்கறேன்," என்றது தங்கை. அண்ணன் தூக்கி உட்கார வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து அவரிடம் இருந்து போன்.

"ஒரே பேஜாரா இருக்குங்க. எங்க தெரு முனையில ஸ்பீடு பிரேக்கரு கீது. அதுல அடி தட்டுது. வந்து பாருங்க."

"தங்கச்சி ஏறுதா?"

"டெய்லி எம்பிப் பாக்குது. பாதி ஏறி வழுக்குது. நான்தான் தூக்கறேன்."

வண்டிக்கு அடியில் எவ்வளவு இடம் என்று பார்த்துத்தான் அனுப்பினேன். எந்த வேகத்தடையிலும் தட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விழுப்புரம் தாண்டி அவர்கள் தெருவுக்குப் போய்ப் பார்த்ததும் தெரிந்தது. கவர்மெண்ட் போட்ட வேகத்தடை இல்லை. தெருக்காரர்களே ஜல்லியும் சிமெண்டும் கொட்டிப் போட்டது. அகலம் இல்லை. உயரம் மட்டும் கன்னுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்தேன். தட்டவில்லை. அண்ணன், தங்கை, அவர்கள் அம்மா எல்லாரையும் ஏற்றி, நாற்காலியையும் வைத்து ஓட்டினேன். முன் சக்கரம் மேட்டில் இருந்து இறங்கும்போது வண்டி தலையைக் குத்தியது. கரக் என்று அடி தேய்ந்தது. பாரம் ஏறினால் இது இப்படித்தான். இது எனக்குப் புரிந்தது. இது ஒன்றுதான் புரிந்தது.

"மேலாக்க கொத்தி எடுத்துட்டா போதும்," என்றேன். "ரெண்டு விரல் எடுத்தா தட்டாது."

அண்ணன் உள்ளே போய் கடப்பாரையோடு வந்தார். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மா, "நம்ம பொண்ணு போவறதுக்குத்தானே, கொத்துப்பா," என்றது.

அண்ணன் கடப்பாரையை ஓங்கினார்.

"அதுல கை வெச்சீன்னா பாரு."

தங்கை கத்தியது. நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு மேட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். மினி லாரி இடித்தது இந்த இடத்தில்தான். தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இந்த மேட்டைப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு ஆளும் அடிபடவில்லை.

"முழுசா எடுக்கலம்மா," என்றேன். "கொஞ்சம்தான். வண்டிங்க அப்பவும் மெதுவாத்தான் போகும்."

"இன்னிக்கி நமக்காகக் கொஞ்சம். நாளைக்கு டிராக்டர்காரன் வந்து கொஞ்சம்பான். கடைசில தரையாயிடும்ணா. சாயங்காலம் ஆனா புள்ளைங்க இங்கதான் வெளையாடுது."

"அப்ப ஸ்பிரிங்கு?" என்றார் அண்ணன்.

"கழட்டிடு."

"கழட்டிட்டா நீ எப்டி ஏறுவ?"

தங்கை கீழே குனிந்து சக்கரத்தைத் துடைத்தது. அண்ணன் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு அங்கேயே குந்திவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏறணும் என்று கேட்டதும் இந்தப் பெண்தான். வேண்டாம் என்று நிற்பதும் இந்தப் பெண்தான். நான் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வண்டி ஷெட்டுக்கு வந்தது. பழைய ஸ்பிரிங்கையும் எடுத்து வந்திருந்தார்கள். தங்கை நாற்காலியில் நிழலில் உட்கார்ந்து, நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தது. போட்டதை எல்லாம் கழற்றினேன். கழற்றியதை எல்லாம் போட்டேன். அறுத்த ரப்பருக்குப் பதில் புது ரப்பர் போட்டேன். செய்த வேலையை நானே அவிழ்ப்பது நன்றாக இல்லை. ஜாக்கியை இறக்கினேன். வண்டி பழையபடி உயர்ந்து நின்றது. விரல் வைத்துப் பார்த்தேன். அதே நாலு விரல்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்குவதற்குக் குனிந்தார்.

"இரு," என்றது தங்கை.

நாற்காலிக்கு பிரேக் போட்டது. வலது கையைக் கார் சீட்டில் ஊன்றியது. இடது கையை நாற்காலியில் ஊன்றியது. முன்பெல்லாம் தலையைக் காருக்குள் நீட்டிக்கொண்டு எம்பும். இப்போது தலையைக் காருக்கு வெளியே எங்கள் பக்கம் சாய்த்தது. தலை இந்தப் பக்கம் வர, இடுப்பு அந்தப் பக்கம் எழும்பியது. விளிம்பில் முட்டியது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. ஒரு தள்ளு. இடுப்பு உள்ளே போய்விட்டது.

அந்தப் பெண் ஒவ்வொரு காலாக எடுத்து உள்ளே வைத்தது. காலில் ஒட்டிய மண்ணைத் தட்டியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தது.

அண்ணன் குனிந்தபடியே நின்றார். ரெண்டு கையும் நீட்டியபடி இருந்தது. "ஏய், எப்டி?" என்றார்.

"தெரியல."

"கீழ இருக்கும்போது முடியல. இப்ப எப்டி முடிஞ்சுது?"

"தெரியலடா. வண்டிய எடு."

அவர் என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகு நாற்காலி நின்ற இடத்தில் தரை மேடா பள்ளமா என்று குந்திப் பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது. தினமும் பாதி ஏறி வழுக்கியதில் கைக்கு பலம் வந்திருக்கலாம். தலையைச் சாய்க்கிற வித்தையை அதுவே கண்டுபிடித்திருக்கலாம். வண்டி இறங்கி இருந்ததால்தான் பாதியாவது ஏற முடிந்தது என்றும் சொல்லலாம். அப்படிப் பார்த்தால் என் வேலையும் கொஞ்சம் உதவியிருக்கிறது. வீண் வேலை என்றும் சொல்லலாம். அந்தப் பெண்ணிடம் கேட்கலாம். ஆனால் அதுவே தெரியவில்லை என்றுதான் சொன்னது.

வீல் அலைன்மென்ட் பார்க்க எப்போதாவது வருகிறார்கள். அண்ணன் இப்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறார். தங்கை ஏறிக் கதவைச் சாத்துகிற வரைக்கும் ஹாரன் கூட அடிப்பதில்லை. அப்புறம்தான் இறங்கி நாற்காலியை மடித்து டிக்கியில் வைக்கிறார். ஒரு தடவை, "ஜல்தி ஏறேன்" என்றார். "மூட்டைன்னா ஜல்தியா ஏறும்," என்றது அது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் ஒருத்தர் ஏதோ ஒன்றில் ஏற முடியாமல் திணறுவதைப் பார்த்தால், கை நீட்டுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.