சிக்கரி கலக்காத கால் கிலோ

1970 அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால் மணி. விட்டு விட்டுத் தூறல். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்த காப்பிக்கொட்டைக் கடை வாசலில் அப்பாவும் நானும் ஒரே குடையில் நின்றோம். எனக்கு ஒன்பது வயது. குடையில் என் பங்கு கால்வாசி.

பதினோரு மணிக்கு அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குப் பிரான்சில் வேலை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். எங்கள் ஊரில் இப்படி ஒரு வரன் வந்தால் மேற்கொண்டு எதையும் விசாரிக்க மாட்டார்கள். அக்கா பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானால் படிப்பை நிறுத்திவிட்டு விமானம் ஏற வேண்டும் என்று பேச்சு. மில்லில் கிளார்க்காக இருந்த அப்பா ஒன்றை மட்டும் விசாரித்திருந்தார்: சிக்கரி வாடை வந்தால் பென்ஷன்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிடுவாராம்.

கொட்டை வாங்கியாயிற்று. அரைப்பதில்தான் சிக்கல். மிஷினில் முந்தைய ஆளின் தூள் கொஞ்சம் தங்கி, அடுத்தவர் தூளோடு இறங்கும். எங்களுக்கு முன் அரைத்தவர் ஹோட்டல்காரர். பாதிக்குப் பாதி சிக்கரி.

“அடுத்து யாராவது சுத்தக் கொட்டை அரைக்கட்டும். அப்புறம் நம்மளது,” என்றார் அப்பா.

“மழையில யாரு சார் வரப்போறாங்க? குடுங்க,” என்றார் கடைக்காரர்.

வந்தார்கள், ஏழு பேர். எல்லோருமே சிக்கரிக்காரர்கள். இன்று ஒரு நாள் சிக்கரி இல்லாமல் குடித்துப் பார்க்கும்படி பெண் பார்க்க வரும் விஷயத்தைச் சொல்லி அப்பா ஒவ்வொருவரையும் கெஞ்சினார். ஏழாவதாக வந்த மீன்கார அம்மா கூடையை இறக்கினார்.

“என் காப்பில நான் இன்னா போட்டா உனக்கு இன்னாய்யா? வர்றவன் பொண்ணக் கட்டிக்கப் போறானா, காப்பியக் கட்டிக்கப் போறானா?”

கடையே சிரித்தது. ஒன்பது மணிக்கு அப்பா தோற்றார். மிஷினைச் சுத்தப்படுத்துவதற்கென்றே தனியாக ஐம்பது கிராம் கொட்டை வாங்கி அரைத்து, அந்தத் தூளை மீன்கார அம்மாவுக்கே கொடுத்தார்.

“வாராவாரம் பொண்ணு பாக்க வரச் சொல்லுய்யா,” என்று வாழ்த்திவிட்டு அவர் போனார்.

“காப்பிய நானே போடுறேம்பா,” என்று வீட்டு வாசலிலேயே அக்கா தூளை வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்குப் பெருமை தாளவில்லை. அம்மா கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். பில்டரில் முதலில் இறங்கிய டிகாஷனை அக்கா ஒரு சொம்பில் ஊற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினாள்.

“இன்னாத்துக்குக்கா?” என்றேன்.

“நல்லது நமக்கு வேணாமாடா? வாயத் தொறந்த, தோல உரிச்சுடுவேன்.”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

பென்ஷன்காரர் ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதுல காப்பி இருக்குங்களா, இல்ல வர்ற வழியில எறங்கிடுச்சா?”

“சுத்தக் கொட்டைங்க. சிக்கரியே கெடையாது,” என்றார் அப்பா.

“அது தெரியுது. கொட்டையும் கெடையாது போல.”

பஜ்ஜியை மட்டும் முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். காப்பிக்கே கை இப்படி இறுகினால் சீருக்கு என்ன செய்வார்கள் என்று தெருமுனையில் பேசிக்கொண்டதாகத் தரகர் வந்து சொன்னார். அப்பா அந்த மிஷினை வாய்விட்டுச் சபித்தார். அக்கா சொம்பை எடுத்துச் சூடுபண்ணி, எனக்கு அரை டம்ளர் கொடுத்துவிட்டு, தன் டம்ளரோடு கல்லூரிப் புத்தகத்தைத் திறந்தாள். கண்ணில் நீர் நின்றது. பிரான்ஸ் கைநழுவிய துக்கம் என்று நினைத்தேன்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. மறுநாள் உண்டியலை உடைத்து, ஆறுதலாக அவளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தேன். “பரவால்லக்கா, வேற மாப்பிள்ள வருவான்,” என்று நீட்டினேன். அக்கா வளையலைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, மூச்சுத் திணறும்வரை சிரித்தாள். துக்கம் முற்றினால் இப்படியும் ஆகுமோ என்று பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

வளையல் தொண்ணூறு காசு.