அண்ணாச்சி மில்லோடு மோதிய 1200 வாட்ஸ்!

மக்களே, சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில், இந்தப் பக்கம் என் வீடியோ ரெண்டர், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிவிட்டன!!!

(புரிந்தவர்கள் விசில் அடிக்கலாம். புரியாதவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.)

திருச்சுழியில் எங்கள் வீட்டுக்கும் அண்ணாச்சியின் மில்லுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

அவர் மோட்டாரைப் போட்டால் எங்கள் வீட்டு வோல்டேஜ் தொபுக்கென்று விழும். டியூப் லைட் கண்ணடிக்கும். என் கம்ப்யூட்டர் செத்துப் பிழைக்கும்.

அண்ணாச்சி தங்கமான மனுஷர். மோட்டார் போடும் முன் சுவரில் மூன்று தட்டு தட்டுவார். 'வேலையை சேவ் பண்ணிக்கோ' என்று அர்த்தம்! பண்ணியதும் நான் பதிலுக்கு ஒரு தட்டு. (எங்கள் வீட்டு யூபிஎஸ் இதுதான்!)

ஆனால் ரெண்டரை, அதாவது வெட்டி ஒட்டிய காட்சிகளை ஒரே வீடியோவாக்கும் வேலையை, அப்படிப் பாதியில் சேவ் செய்ய முடியாதே! நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வீடியோவே அண்ணாச்சி மகள் மாரீஸ்வரி அக்காவின் கல்யாண வீடியோ!

"என்னய்யா, எம் மக கல்யாண வீடியோ என்னாச்சு?"

"உங்க மில்லுதான் அண்ணாச்சி அதையும் சேத்து அரைச்சுக்கிட்டு இருக்கு!"

"விளையாடாதய்யா. சாயந்தரம் சம்பந்தி வீட்டுக்காரவுக விருந்துக்கு வாராக. டிவில போட்டுக் காட்டுறேன்னு வாய விட்டுட்டேன். அவுக முன்னாடி என் மானத்தக் காப்பாத்து!"

மில்லை நிறுத்தவும் வழியில்லை. வாசலில் முண்டு மிளகாய் வத்தல் பைகளோடு ஒரே கூட்டம்.

எனவே கடைசி நம்பிக்கை, நான் உயிரைக் கொடுத்து ஆர்டர் போட்ட 1200 வாட்ஸ் பவர் சப்ளை! அருப்புக்கோட்டை கூரியர் ஆபீஸில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்தேன்.

கண்டக்டர் தூக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, உள்ள செங்கலா?"

"கம்ப்யூட்டருக்குப் பவர் குடுக்குறதுண்ணே."

"அப்ப எங்க பஸ்ஸுக்கும் ஒண்ணு சொல்லி விடுப்பா, காலைல தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணுனோம்!"

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் அம்மாவுக்கு வேறு கவலை.

"ஆயிரத்து இருநூறு வாட்ஸா? அயர்ன் பாக்ஸ் மாதிரி கரண்ட இழுக்குமேடா!"

"அது தாங்குற அளவும்மா. கம்ப்யூட்டர் கேக்குறத மட்டுந்தான் இழுக்கும்."

(இதே சந்தேகம் உங்களில் பாதிப் பேருக்கு இருக்கும், தெரியும்.)

மாட்டினேன். கேபிள் ஒவ்வொன்றும் தடிமனாக, மெத்தென்று இருக்கிறது. வேண்டியதை மட்டும் செருகிக்கொள்ளலாம். ஆன் செய்தால் ஃபேன் சுற்றவே இல்லை! 'போச்சுடா' என்று கூட வந்த கையேட்டைப் புரட்டினேன். அப்புறம்தான் படித்தேன், லோடு குறைவாக இருக்கும்போது ஃபேன் சும்மா இருக்குமாம். (பெரிய இடத்துப் பிள்ளை!)

இனிதான் நிஜமான டெஸ்ட். லேப் இல்லை, மீட்டர் இல்லை. மில்தான் இருக்கிறது.

ரெண்டரைத் தட்டிவிட்டு சுவர் பக்கம் கத்தினேன். "அண்ணாச்சி, போடுங்க!"

டொக். டொக். டொக். மோட்டார் உறுமியது.

'டக்.'

கம்ப்யூட்டர், மானிட்டர் எல்லாம் இருட்டு.

"நின்னுருச்சா தம்பி?" என்று அந்தப் பக்கமிருந்து குரல்.

இத்தனை நாள் ஆசைப்பட்டு வாங்கியது! திருப்பி அனுப்பிவிடலாம் என்று பெட்டியைத் தேடி எடுத்தேன். அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது: 100 முதல் 240 வோல்ட் வரை.

நூறிலேயே ஓடும் என்றால், இப்போது ஏன் நின்றது?

அந்த 'டக்' எங்கிருந்து வந்தது? மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

ஃபிரிட்ஜின் பழைய ஸ்டெபிலைசர்! எங்கள் ஊரில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தால்தான் மனசு ஆறும். வோல்டேஜ் விழுந்ததும் லைனையே வெட்டிக்கொண்டிருந்தது அதுதான். பாவம், என் பிள்ளைக்குச் சாப்பாடே போகவில்லை!

"டேய், அதக் கழட்டாத! புதுச் சாமான் வெந்து போகும்!"

"வேகாதும்மா. எல்லாத்தையும் தாங்கத்தான இவ்வளவு பெருசா வாங்குனேன்!"

பவர் சப்ளையை நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். அம்மாவின் திருப்திக்கு மானிட்டரை மட்டும் ஸ்டெபிலைசரிலேயே விட்டேன்.

மறுபடி ரெண்டர். மறுபடி மூன்று தட்டு. மோட்டார் உறுமியது.

'டக்.' திரை இருட்டு!

"போச்சா? நான் அப்பவே சொன்னேன்ல!" என்றார் அம்மா.

ஆனால் கேபினட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இப்போது ஃபேனும் மெல்லச் சுற்ற ஆரம்பித்திருந்தது.

ஸ்டெபிலைசர் நிதானமாக யோசித்து மானிட்டருக்குக் கரண்டைக் கொடுத்தது. திரை வந்தது.

ரெண்டர் பார் நகர்ந்துகொண்டிருந்தது மக்களே!!! நகர்ந்துகொண்டே இருந்தது!!!

"அண்ணாச்சி, நிக்கல! நிறுத்தாம அரைங்க!"

அத்தனை வத்தலையும் அரைத்து முடித்தார். நாங்கள் தும்மித் தும்மிக் களைத்தோம். என் கம்ப்யூட்டர் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

சாயங்காலம் சம்பந்தி வீட்டார் முன்னால் டிவியில் வீடியோ ஓடியது. தாலி கட்டும் இடத்தில் அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"ஒண்ணுமில்லய்யா, வத்தல் நெடி."

(இத்தனை வருஷம் வத்தல் அரைக்கிற மனுஷருக்கு இன்றைக்குத்தான் நெடி ஏறியதாம்!)

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கரண்டே போனால் இதுவும் போகும், அதற்கு யூபிஎஸ்தான் வேண்டும். வீட்டில் எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். மற்றபடி என் மார்க் முழுசாக!

"இனிமே தட்ட வேண்டாம் அண்ணாச்சி" என்று சொன்னேன்.

"தட்டாம போட்டா எனக்குக் கையே ஓடாதுய்யா!"

சரி, தட்டட்டும். நானும் பதிலுக்குத் தட்டுகிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரை நிறுத்துவது யார்? பக்கத்து வீட்டுத் தறியா, கிணற்று மோட்டாரா, வெல்டிங் பட்டறையா? கமெண்ட்டில் சொல்லுங்கள். மேஜைக்கு அடியில் ஸ்டெபிலைசர் ஒளித்து வைத்திருக்கும் நண்பனுக்கு இதை உடனே ஷேர் செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பவர் சப்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், வரிசையாக டெஸ்ட் பண்ணலாம். மோட்டார் போட அண்ணாச்சி ரெடி. ஆனால் சும்மா ஓட்ட மாட்டாராம், ஆளுக்கொரு பை வத்தலும் கொண்டு வரணுமாம்!