மரியாதையால் விழுந்த கோல்

முஸ்அபுக்குத் தொண்டையை மட்டும் இறைவன் தாராளமாகக் கொடுத்திருந்தான். கொழும்பில் அவன் வேலை செய்யும் ஒருகொடவத்தை கண்டெய்னர் யார்டில் ஒரு சத்தம் போட்டால் பின்னோக்கி வரும் லொறி அப்படியே நிற்கும். கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றால் மட்டும் அந்தத் தொண்டைக்கு எங்கிருந்தோ பணிவு வந்துவிடும்.

கால்பந்துக் கழகத்தின் முதல் அணியில் அவனுக்கு அது மூன்றாவது ஆட்டம். வழமையான கோல்காப்பாளருக்கு விரல் முறிந்ததால் கிடைத்த இடம். அவனுக்கு முன்னால் தடுத்து ஆடுபவர் அணித் தலைவர் மஷூர். முஸ்அபின் அண்ணன் அர்ஷாத்தோடு படித்தவர், அதனால் வீட்டிலும் வீதியிலும் அண்ணன் முறை வைத்து ‘மஷூர் நானா’தான். உயரத்தில் ஒரு பந்து வந்தது.

“மஷூர் நானா, உடுங்க, நான் எடுக்கிறேன்!”

நல்ல பிள்ளை! அவன் சொல்லி முடிப்பதற்குள் மஷூரின் தலையில் பட்ட பந்து சொந்த வலைக்குள் போய் விழுந்தது.

“கல்யாண வலீமாச் சாப்பாட்டுக்கா கூப்பிட்ட?” என்று மற்றவர்கள் சிரித்தார்கள். பயிற்றுவிப்பாளர் சிரிக்கவில்லை. “பேர மட்டும் சொல்லிக் கத்து. பழைய கீப்பருக்கு விரல் சரியாகிட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தப் பார்த்துட்டுத்தான் யார் நிக்கிறதெண்டு முடிவெடுப்பேன்.”

வெறும் பேரைச் சொல்வதா! முஸ்அப் கொட்டாஞ்சேனை வீட்டுக் குளியலறையில் நின்று பழகிப் பார்த்தான். “மஷூர்! உடு!”

உம்மா ஸமீமா கதவில் படபடவென்று அடித்தாள். “யார்ர பேர்டா சொல்ற? வாய் நீண்டு போச்சா ஒனக்கு?”

கால்பந்தின் அவசரத்தை உம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? குளித்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னணியில் இருந்தார்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக்கு ஒரு கோர்னர் உதை. பந்து வளைந்து வந்தது. மஷூர் எழும்பினார். முஸ்அபுக்கு உம்மாவும் நினைவில்லை, அர்ஷாத்தும் நினைவில்லை.

“மஷூர்! உடுடா!”

அந்த ‘டா’ குளியலறையில்கூட இருக்கவில்லை. மஷூர் சட்டென்று தலையைத் தாழ்த்தினார். பந்து முஸ்அபின் கைகளுக்குள் வந்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

வென்ற சந்தோஷம் அவனுக்கு வரவேயில்லை. மஷூர் நேரே அவனை நோக்கி நடந்து வந்தார், பின்னாலேயே பயிற்றுவிப்பாளர். முஸ்அப் முந்திக்கொண்டான்.

“நானா, மன்னிச்சிக்கங்க. வாய் தவறி...”

“டாவும் போட்ட, என்ன?”

“ஓம் நானா.”

“ரோட்டுல போட்டுப் பாரு, பல்லு ஈக்காது.”

சொல்லிவிட்டு மஷூர் பயிற்றுவிப்பாளர் பக்கம் திரும்பினார். “இவனே நிக்கட்டும் கோச். இவன் ஏசினாத்தான் எனக்குக் காது கேக்குது.”