விளாவிய தண்ணீர்

பல் முளைக்கும்போது வருகிற பேதி என்றுதான் முதலில் நினைத்தேன். என் தம்பி மகள் ஜெனிக்கு அப்போது ஒன்றேகால் வயது. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

தம்பி கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அவன் மனைவி ஸ்டெல்லா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பகல் முழுவதும் குழந்தை என்னிடம்தான்.

மறுநாள் காலைக்குள் பத்துப் பன்னிரண்டு முறை தண்ணீராகப் போய்விட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. மதியம் வரை ஒரு சொட்டுச் சிறுநீர் இல்லை. ஸ்டெல்லாவை வரவழைத்து, ஆட்டோ பிடித்து, ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா ஜெனியின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்று, மெதுவாகத்தான் படிந்தது. நீரிழப்பு (உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போவது) என்றார். உடனே கையில் ஊசி குத்தி சலைன் (உப்புநீர்) ஏற்றினார்கள்.

"தண்ணி காய்ச்சித்தானே குடுக்குறீங்க?"

ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "காச்சாம குடுக்கவே மாட்டாங்க டாக்டர். எங்கக்கா அதுல ரொம்ப ஸ்ட்ரிக்டு."

நான் தலை குனிந்து நின்றேன். கொதிக்க வைத்தது உண்மைதான். ஆனால் ஆறும்வரை ஜெனி பொறுக்கமாட்டாள், தொண்டை கிழியக் கத்துவாள். குளிக்கிற வெந்நீருக்குச் செய்வதுபோல டிரம்மிலிருந்து கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவிவிடுவேன். தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது பிடித்து வைக்கிற டிரம் அது. கை கழுவவும் மீன் அலசவும் அதே மக்கைத்தான் உள்ளே முக்குவோம். கொதித்த தண்ணீர் பச்சைத் தண்ணீரையும் சரிசெய்துவிடும் என்பது என் எண்ணம்.

டாக்டர்களிடம் நான் வாய் திறப்பதில்லை. சொன்னால் குழந்தையை இனி என்னிடம் விடுவார்களா என்றும் பயம். ஆனால் தப்பா இல்லையா என்று கேட்டால்தானே தெரியும்? அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியபோது கேட்டுவிட்டேன்.

"டாக்டரம்மா, காச்சின தண்ணில கொஞ்சூண்டு பச்சத் தண்ணி வெளாவுனா தப்பா?"

அவர் நின்றார். "காய்ச்சுனதே வீணாயிடுமேம்மா. அந்தக் கொஞ்சத்துல கிருமி இருந்தா போதும்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்.

விஷயம் தெரிந்து வந்த தம்பி சும்மா இருக்கவில்லை. "கேஸு தீர்ற வரைக்கும் கொதிக்கவுட்டு, கடைசில டிரம்மு தண்ணியவாக்கா ஊத்துன? நல்லா கீது உன் வைத்தியம்!"

"நீ சும்மா கெட," என்றாள் ஸ்டெல்லா. "என்னிக்காச்சும் கைய கழுவிட்டு புள்ளைய தூக்கிகீறியா நீ?"

நர்ஸ் ஓ.ஆர்.எஸ். பொடியை (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடி) முழுப் பாக்கெட்டாக ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்துக் கொடுத்தார். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். ஸ்டெல்லா ஊட்டிப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை என் கையில் வைத்தாள்.

"இந்தாக்கா. எங்கிட்ட குடிக்கமாட்டேங்குது."

சாயங்காலம் என் மடி சூடாக நனைந்தது. சிறுநீர். அத்தனை பேர் இருந்த வார்டில் நான் கத்தி நர்சைக் கூப்பிட்டேன்.

பேதி நின்ற பிறகும் ஜிங்க் மருந்தை (குடல் தேற உதவும் சத்து) பதினான்கு நாளும் கொடுத்தோம். இப்போது நாளைக்கு வேண்டிய தண்ணீரை இன்றைக்கே காய்ச்சி, மூடி ஆற வைக்கிறேன். நீளக் காம்புக் கரண்டியால்தான் மொள்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பேதியானால் பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். குடிக்கக் கொடுத்தால் இன்னும் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முன்பெல்லாம் என் பகல் நேரத்துக்குக் கணக்கு தண்ணீர் லாரி வருவதும் கரண்ட் போவதும்தான். இப்போது ஜெனி கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்பதில்தான் நேரம் ஓடுகிறது. அவள் என் சேலையை நனைத்தால் உடனே எழுந்துகொள்வதில்லை. அந்தச் சூடு ஆறும்வரை உட்கார்ந்திருக்கிறேன். பிறகுதான் போய் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன்.