பலாப்பழக் காலத்துப் பூட்டு

எங்கள் ஊரில் பூட்டு கிடையாது. மலைமேல் எங்கள் புதூர்நாட்டுப் பக்கம் அப்போது இருந்த எந்தச் சிற்றூரிலும் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். மூங்கில் தட்டியை இழுத்துச் சாத்தி, ஒரு கயிற்றை மாட்டிவிட்டுக் கொல்லை வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கயிறு கோழிக்கும் நாய்க்கும் சொல்லி வைத்த சேதி. மனிதர்களுக்கு அப்படிச் சொல்லி வைக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. பூட்டை நெருங்கிப் பழகியவர் ஊரிலேயே என் அப்பா ஒருவர்தான், அதுவும் உள்பக்கத்திலிருந்து. நான் பிறப்பதற்கு முன்னால், யாரோ வெட்டிப் போட்ட மரத்தின் பக்கத்தில் இவர் கோடரியோடு நின்றார் என்று வனக்காவலர்கள் பிடித்துப் போய், அடிவாரத்தில் ஓர் அறையில் ஒரு பகல் முழுக்கப் பூட்டி வைத்திருந்தார்களாம். பொழுது சாயும்போது ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். தான் எதற்குக் கைநாட்டு வைத்தோம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அதனால்தான் மலையில் விடுதியோடு பள்ளிக்கூடம் வந்தபோது, ஊரில் முதல் ஆளாக அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். எழுபதுகளின் கடைசி அது. ஓடு போட்ட நீளமான கட்டடம், சுற்றி ஆளுயரக் கல்சுவர், முன்னால் ஓர் இரும்புக் கேட்டு. மூன்று வேளையும் அரிசிச் சோறு போட்டார்கள். சாமைச் சோறு தின்று வளர்ந்த எனக்கு, விருந்து முடிந்தும் வீட்டுக்கு அனுப்பாமல் உட்கார வைத்திருப்பது போலவே இருந்தது. ஆகவே நான் ஓடிப்போனேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஓடிப்போவதில் அந்த விடுதியில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

நான் வீடு போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வார்டன் டீச்சர் வந்துவிடுவார். திருப்பத்தூர்க்காரர், கல்யாணம் ஆகாத இளம் வயது. கல்லுப் பாதையில் வார் அறுந்துபோகும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி வருவார். அம்மா அவருக்குப் பலாச்சுளை உரித்துக் கொடுப்பாள். தின்றுவிட்டு, கையிலிருந்த பிசினை எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டு, “போலாமா?” என்பார். வந்த விருந்தாளியை வழியனுப்பக் கிளம்பியவள் போல நானும் கூடவே நடந்து விடுதிக்கே வந்துவிடுவேன். அவர் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. இதில் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று நானும் நினைத்திருந்தேன்.

மனிதர்களுக்குப் பலா பழுக்கும்போதுதான் கரடிகளுக்கும் பழுக்கிறது. ஒரு வருஷம் ஆனி மாதத்தில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விடியற்காலையில் பழம் பொறுக்கப் போன இடத்தில் கரடி அவரைப் புரட்டிப் போட்டுவிட்டது. கம்பளியில் கட்டித் தூக்கி வந்து, ஜீப் வரும்வரை எங்கள் கேட்டு முன்னால்தான் கிடத்தினார்கள். பிள்ளைகளை உள்ளே விரட்டிவிட்டு, டீச்சர் தன் பழைய புடவையைக் கிழித்துக் கட்டுப் போட உட்கார்ந்தார். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார், ஒரு கண் மட்டும் போயிற்று. டீச்சர் அன்று சாப்பிடவில்லை என்று சமையல்கார அக்கா சொன்னாள். மறுநாள் அவர் சொல்லியனுப்பியபடி திருப்பத்தூரிலிருந்து ஜீப் டிரைவர் ஒரு சங்கிலியும் பெரிய பூட்டும் வாங்கிவந்தார்.

பூட்டு தொங்கியதும் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை ஓடிப்போவதைப் பற்றி நினைத்தே பார்க்காத பிள்ளைகளெல்லாம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டு ஞாபகம் வந்து ஒருத்தி அழுதால் வரிசையாக எல்லாரும் அழுதார்கள். என்னை மாதிரி அனுபவசாலிகள் மட்டும் சுவரின் உயரத்தை அளந்துகொண்டிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தலையில் ஒரு பலாப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். கேட்டருகே வந்தவர் பூட்டைப் பார்த்தார். பழத்தை இறக்கி வைத்தார். உள்ளேயிருந்து வந்த டீச்சரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சுங்க?”

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிவிட்டார். “அய்யோ, தப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கரடி சுத்துது. புள்ளைங்க ஓடிப்போற வழியிலதான் பலா மரம் பூராவும் இருக்கு. அதுக்குத்தான் பூட்டு.”

“கரடி எங்க தாத்தன் காலத்துலருந்து சுத்துதுங்க. நாங்க யாரையும் பூட்டலியே.”

“அந்த ஆளப் பாத்தீங்க இல்ல? நாளைக்கு ஒரு புள்ளைக்கு அப்பிடி ஆச்சுன்னா நான் யாருக்குங்க பதில் சொல்லுவேன்? பெத்த ஒங்களுக்கே சொல்ல முடியாதே.”

அப்பா ஓர் ஓரமாகக் குந்திக்கொண்டார். பூட்டைப் பார்த்தபடியே சொன்னார், “இந்தப் பூட்டுக்குப் பயந்துதாங்க புள்ளைய இங்க கொண்டாந்து வுட்டேன். நாலெழுத்துப் படிச்சா இது பக்கம் போவாம பொழச்சிக்கும்னு. இங்கியே மாட்டி வெச்சிருக்கீங்களே.” பிறகு என் பக்கம் திரும்பி, “பொட்டிய எடுத்துட்டு வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று நான் அப்பாவோடு போயிருந்தால் மறுபடி வந்திருக்கவே மாட்டேன். அதற்கு முன்பே வேறு இரண்டு அப்பாக்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் திரும்பவில்லை. ஆடு மேய்க்கப் போனார்கள், சீக்கிரமே கல்யாணமும் ஆயிற்று. நானோ என் தகரப் பெட்டியை எடுக்கக் குதித்துக்கொண்டு ஓடினேன்.

நான் பெட்டியோடு திரும்பியபோது ஜீப் வந்து நின்றிருந்தது. டீச்சரின் அண்ணன் இறங்கியிருந்தார். மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து, மலை ஆபத்து, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று தங்கையைக் கூப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போகிறவர் அவர். அன்றைக்கு அவருக்கு நல்ல வாய்ப்பு.

“பூட்டுனாலும் தப்பு, பூட்டலன்னாலும் தப்பு. ஒனக்கு எதுக்கும்மா இந்தத் தலவலி? வா, போலாம்.”

டீச்சர் பூட்டைத் திறந்து வெளியே வந்து, மறுபடி பூட்டிவிட்டு, அவரை ஜீப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய்ப் பேசினார். எங்களுக்குக் காதில் விழவில்லை. அண்ணன் ஒரு விரலை நீட்டி என்னமோ சொன்னதும், டீச்சர் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டியதும் மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு சாவிகளை எடுத்தார். ஒன்றை, கம்பி வழியாகவே கையை விட்டு என் ஜடையிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவி அதில் கோத்து என் கழுத்தில் கட்டினார். இன்னொன்றை அப்பாவிடம் நீட்டினார்.

“பூட்டு இருக்கட்டுங்க, எனக்குப் பயமா கெடக்கு. ஆனா சாவி எங்கிட்ட வேணாம். நீங்க எப்ப வந்தாலும் தொறந்துக்குனு உள்ள வாங்க.” என்னிடம் சொன்னார், “பொழுது போனா நீ பூட்டு. விடிஞ்சா நீயே தொற. வூட்டுக்குப் போவணும்னா எங்கிட்ட சொல்லு, நானும் வர்றேன்.”

அப்பா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இதுவரை பிள்ளையைப் பூட்டக் கூடாது என்று வழக்காடியவருக்கு இப்போது வேறு கவலை பிடித்துக்கொண்டது.

“டீச்சரம்மா, அது ஓடிடுங்களே.”

“ஓடுனா பின்னாடியே வர்றேன். வழிதான் தெரியுமே.”

அப்பா முதன்முதலாகச் சிரித்தார். என்னைத் திறக்கச் சொன்னார். நான் சாவியைத் தலைகீழாக நுழைத்து, திருப்பித் திருப்பி ஒருவழியாகத் திறந்தேன். அவர் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து வைத்துவிட்டு, அண்ணனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தச் சாவி எங்கள் வீட்டு நடுக்கம்பத்தில் ஓர் ஆணியில் வெகு காலம் தொங்கியது. பூட்டே இல்லாத வீட்டில் சாவி மட்டும் இருப்பதை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

கழுத்தில் சாவி ஏறியதும் நான் டீச்சரைவிடக் கறாராக மாறினேன். சூரியன் எதிர்மலையைத் தொடுவதற்குள் எல்லாரையும் உள்ளே விரட்டினேன். நாகப்பழம் பொறுக்கப் போக அனுமதி கேட்ட பெரிய வகுப்பு அக்காவிடம், “அதெல்லாம் முடியாது” என்றேன். போன மாதம்வரை எனக்கு ஓடும் குறுக்குவழி சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். டீச்சர் இதையெல்லாம் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

ஆனால் பழக்கம் விடுமா? ஒரு சாயங்காலம் பலா வாசனை தாங்க முடியவில்லை. டீச்சர் அடுப்படியில் இருந்தார். யாரும் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்தேன், ஒரு காலை வெளியிலும் வைத்துவிட்டேன். அப்போதுதான் ஒரு சிக்கல் புரிந்தது. திறந்தபடி போட்டுவிட்டுப் போனால் கரடி உள்ளே வரும், முற்றத்தில் பொடிசுகள் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தன. வெளியே நின்று பூட்டிவிட்டுப் போனால் சாவி என்னோடு வந்துவிடும், அத்தனை பேரும் டீச்சரும் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே எறிந்துவிடலாமா என்றும் யோசித்தேன். எறிந்தால் அப்புறம் நான் சாவிக்காரி இல்லை, அதுவும் மனசு வரவில்லை. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அழுகை வந்துவிட்டது.

“டீச்சர்,” என்று அங்கிருந்தே கத்தினேன். “எனக்கு வூட்டுக்குப் போவணும்.”

அவர் ஈரக்கையோடு வந்தார். திறந்த பூட்டையும் என் கால்களையும் பார்த்தார். ஏன் திறந்தாய் என்று கேட்கவில்லை. “இப்ப இருட்டிக்குனு வருது. காலைல போலாம். எல்லாரும் போலாமா?” என்றார்.

மறுநாள் விடுதி மொத்தமும் எங்கள் ஊருக்குக் கிளம்பியது. கரடி விலகிப் போகட்டும் என்று தட்டையும் டம்ளரையும் தட்டிக்கொண்டே நடந்தோம். அந்தச் சத்தத்தில் கரடி என்ன, ஒரு காக்கை கூட எங்கள் பக்கம் வரவில்லை. அம்மா பலாப்பழம் அறுத்து அறுத்துக் கை ஓய்ந்துபோனாள். அதற்குப் பிறகு நான் ஓடிப்போகவில்லை. போக வேண்டும் என்றால் சொல்வேன், டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட வருவார்.

சாவி கிடைத்த அன்றைக்கு நானும் அப்பாவும் ஜெயித்துவிட்டோம் என்றே வெகு காலம் நினைத்திருந்தேன். ஆசிரியர் வேலை கிடைத்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு திருப்பத்தூரில் டீச்சர் வீட்டைத் தேடிப் போனேன். தலை நரைத்துவிட்ட அண்ணன்தான் கதவைத் திறந்தார். “அந்தச் சாவிக்காரப் பொண்ணா நீ?” என்று கேட்டுச் சிரித்தார். ஜீப்புக்கு அந்தப் பக்கம் பேசியது என்ன என்று அன்றுதான் சொன்னார். ஒரு பிள்ளை ஓடினாலும் சரி, அடுத்த ஜீப்பில் வேலையை விட்டு இறங்கி வந்துவிட வேண்டும், மறுபேச்சுப் பேசக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனையாம். அதற்குத்தான் டீச்சர் தலையாட்டியிருக்கிறார். வீட்டில் அத்தனை பேரோடும் சண்டை போட்டு வாங்கிய வேலை அது. ஒப்புக்கொண்ட கையோடு வந்து, இருப்பதிலேயே அதிகமாக ஓடுகிற பிள்ளையாகப் பார்த்துச் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

டீச்சர் உள்ளேயிருந்து காபியோடு வந்தார். அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். என் படிப்பு, வேலை எல்லாம் அவர் கொடுத்தது என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் அந்த ஆனி, ஆடி மாதங்கள் முழுக்க அவர் மலையில் இருப்பதா இறங்குவதா என்பது என் கழுத்து ரிப்பனில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், காலையில் எழுந்ததும் அந்தச் சாவி நெஞ்சில் பட்டால் ஜில்லென்று இருக்கும் என்பதுதான்.